கிரகணத்தை வரையும் பிள்ளைகள்: ஓவியப் போட்டி நடத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2030 நவம்பர் 25, திங்கட்கிழமை காலையில், சந்திரனின் கருநிழல் நமீபியாவிலும் போட்ஸ்வானாவிலும் படிந்து, தென்னாப்பிரிக்காவின் உட்பகுதியைக் கடந்து, டர்பன் கரை வழியாக இந்தியப் பெருங்கடலில் இறங்கவிருக்கிறது. தென்னாப்பிரிக்கத் தமிழர்களாகிய நம் முன்னோரை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் இதே கரைக்கு 1860 நவம்பர் 16 அன்று வந்தது. அதன் 170ஆம் நினைவு நாள் கழிந்து ஒன்பதாம் நாள் இந்த முழுச் சூரிய கிரகணம் வருகிறது. கோயில் மண்டபங்களிலும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புகளிலும் அந்தச் சமயத்தில் பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டி வைக்கப் பலரும் விரும்புவார்கள். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் பல ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தும், இத்தகைய போட்டிகளில் நடுவராக உட்கார்ந்தும் நான் பார்த்த தவறுகளை இங்கே எழுதுகிறேன். இவற்றுள் பெரும்பாலானவை பிள்ளைகள் செய்பவை அல்ல. பெரியவர்களாகிய நாம் செய்பவை.

தலைப்பிலேயே தொடங்கும் தவறு

"சூரிய கிரகணத்தை வரைக" என்று தலைப்புக் கொடுப்பதுதான் முதல் தவறு. அப்படிக் கொடுத்தால் நாற்பது பிள்ளைகளும் கறுப்புத் தாளில் ஒரு கறுப்பு வட்டத்தையும் அதைச் சுற்றி ஒரு மஞ்சள் வளையத்தையும் வரைந்து நீட்டுவார்கள். அந்தப் படம் அவர்கள் கண்ட வானத்திலிருந்து வருவதில்லை. கைபேசித் திரையிலிருந்து வருகிறது. கிரகணம் என்பது வானத்தில் மட்டும் நடப்பதன்று. வெளிச்சம் மெலிகிறது, நிழல்களின் விளிம்பு கூர்மையாகிறது, காற்று குளிர்கிறது, மைனாக்கள் அடைய இடம் தேடுகின்றன, தெருவிளக்குகள் தாமாக எரிகின்றன, எப்போதும் பேசிக்கொண்டே இருக்கும் பெரியவர்கள் வாயடைத்து நிற்கிறார்கள். இவை அனைத்தும் பிள்ளையின் கண்ணில் படுகின்றன. "கிரகணத்தின்போது எங்கள் வீட்டு முற்றம்" என்றோ, "வெளிச்சம் குறைந்தபோது நான் பார்த்தது" என்றோ தலைப்பு இருந்தால், ஒரே நிகழ்ச்சிக்கு நாற்பது வேறு படங்கள் கிடைக்கும்.

இதை நான் ஒரு வருத்தத்தின் வழியாகக் கற்றுக்கொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன், இங்கே பகுதிக் கிரகணம் தெரிந்த ஒரு நாளை ஒட்டி நடந்த போட்டியில், ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி ஒரு துணிக்கொடியை வரைந்திருந்தாள். கொடியில் ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பு, பக்கத்தில் மாமரத்தின் கிளை, விரிப்பின்மேல் கடித்த அப்பளம் போல ஒரு பக்கம் குறைந்த சின்னச் சின்ன வெளிச்ச வட்டங்கள். படத்தில் சூரியனே இல்லை. "தலைப்புக்குப் பொருந்தவில்லை" என்று சொல்லி அதை முதல் சுற்றிலேயே ஒதுக்கினார்கள். மூன்று நடுவர்களுள் ஒருத்தியாக இருந்த நான் போதிய உறுதியோடு மறுத்துப் பேசவில்லை. அன்று வந்த படங்களில் கிரகணத்தை உண்மையாகப் பார்த்து வரைந்த படம் அது ஒன்றுதான் என்று இன்றும் நினைக்கிறேன். இலைகளுக்கு இடையே உள்ள ஒவ்வொரு சின்ன இடைவெளியும் ஊசித்துளைக் கேமராவைப் போல வேலை செய்து, சூரியனின் உருவத்தைத் தரையிலும் துணியிலும் வீழ்த்துகிறது. மற்ற நாட்களிலும் மரத்தடியில் கிடக்கும் வெளிச்சப் புள்ளிகள் வட்டமாக இருப்பது சூரியன் வட்டமாக இருப்பதனால்தான். கிரகணத்தன்று சூரியன் பிறையாகும்போது அவையும் பிறைகளாகின்றன. அந்தச் சிறுமிக்கு இந்த விளக்கம் தெரிந்திருக்காது. ஆனால் தன் அம்மாவின் விரிப்பில் என்ன விழுந்தது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

தலைப்பைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். முன்னோர் வருகையின் நினைவு விழாவையும் கிரகணத்தையும் ஒரே போட்டியில் சேர்த்துவிட்டால் வேலை குறையும் என்று தோன்றும். சேர்க்காதீர்கள். கப்பலுக்கு மேலே கறுத்த சூரியனை வரைந்த பிள்ளை எதை நினைத்து வரைந்தது என்று நடுவருக்கும் தெரியாது, பிள்ளைக்கும் தெரியாது.

கண்ணைப் பணயம் வைக்கும் தவறுகள்

"பார்த்து வரை" என்று சொன்ன மறுகணமே பொறுப்பு நம் தலையில் ஏறுகிறது. விழித்திரைக்கு வலி தெரியாது. சூரியனை நேரே பார்த்து அது பொசுங்கும்போது பிள்ளை அழாது, சில மணி நேரம் கழித்தே பார்வையின் நடுவில் ஏதோ மறைக்கிறது என்று சொல்லும். எக்ஸ்ரே படம், புகையில் காட்டிய கண்ணாடித் துண்டு, பழைய சிடி, கறுப்புக் கண்ணாடி ஆகிய நான்கையும் இன்றும் சிலர் துணிந்து பிள்ளைகளின் கையில் கொடுக்கிறார்கள். ஐஎஸ்ஓ 12312-2 என்ற தரத்துக்கு உட்பட்ட கிரகணக் கண்ணாடியைத் தவிர வேறெதையும் முகத்துக்கு நேரே பிடிக்க விடக்கூடாது; அதிலும் கீறலோ துளையோ இருந்தால் உடனே கிழித்துப் போட்டுவிட வேண்டும். அந்தக் கண்ணாடியை அணிந்துகொண்டு பைனாகுலரில் பார்ப்பதும் கூடாது, ஏனெனில் பைனாகுலர் குவித்துத் தரும் வெப்பத்தை அந்த மெல்லிய தாள் தாங்காது.

நம் வீடுகளில் மட்டும் காணப்படும் ஒரு தவறும் உண்டு. தாம்பாளத்தில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, அதில் தெரியும் சூரியனைப் பார்த்தால் கண்ணுக்குக் கெடுதல் இல்லை என்று பாட்டிமார்கள் சொல்வார்கள். உச்சியில் நிற்கும் சூரியனின் ஒளியில் ஏறக்குறைய நூற்றில் இரண்டு பங்கை நீர்ப்பரப்பு திருப்பி அனுப்புகிறது. சாய்ந்த காலை வெயிலில் அந்தப் பங்கு இன்னும் கூடும். நல்ல கிரகணக் கண்ணாடியோ லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்கே ஒளியை விடுகிறது. கணக்குப் போட்டால் தாம்பாளம் பாதுகாப்பானதன்று என்பது தெளிவு. பாட்டியைப் புண்படுத்தாமல் அந்தத் தாம்பாளத்தை அப்புறப்படுத்த எனக்குத் தெரிந்த நல்ல வழி, அவர் கையில் முறுக்கு அச்சையோ பூந்திக் கரண்டியையோ கொடுப்பதுதான். சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, கரண்டியின் நிழல் இரண்டு மீட்டர் தள்ளி ஒரு வெள்ளைத் தாளில் விழும்படி பிடித்தால், ஒவ்வொரு துளைக்கும் ஏறக்குறைய 18 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு பிறை தாளில் வந்து உட்காரும். சிறு பிள்ளைகள் அந்தப் பிறைகளைப் பென்சிலால் தாளிலேயே சுற்றி வரையலாம். போட்டிக்கு அதைவிட நல்ல பயிற்சி இல்லை. துளை வழியே விழும் உருவம் தலைகீழாகவும் இடவலம் மாறியும் இருக்கும் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

டர்பனில் சூரியன் முழுமையாக மறையும் அந்தச் சிறு பொழுதில் மட்டும் கண்ணாடியைக் கழற்றிப் பார்க்கலாம். இந்தக் கிரகணத்தின் முழுமறைப்பு மிக நீண்டிருக்கும் இடம் இந்தியப் பெருங்கடலின் நடுவில் இருக்கிறது. அங்கேயே 3 நிமிடம் 44 விநாடிதான். இங்கே அதைவிடக் குறைவு. எப்போது கழற்றுவது, எப்போது மீண்டும் அணிவது என்று உரக்கச் சொல்ல ஒரு பெரியவரை அதற்கென்றே நிறுத்த வேண்டும். அவர் அன்று படம் எடுக்கக்கூடாது. ஜோஹானஸ்பர்க்கிலும் கேப்டவுனிலும் இருக்கும் பிள்ளைகளுக்குப் பகுதிக் கிரகணமே தெரியும் என்பதால் அவர்கள் ஒரு கணமும் கண்ணாடியைக் கழற்றக்கூடாது.

வட்டம், பிறை, திசை

பிள்ளையின் படத்தில் அறிவியல் பிழை இருந்தால் திருத்தலாமா என்று ஆசிரியர்கள் கேட்பதுண்டு. படத்தைத் திருத்தக்கூடாது, வரைவதற்கு முன் பேச வேண்டும். அப்படிப் பேசாமல் விடுவதனால் திரும்பத் திரும்ப வரும் பிழைகள் சில உண்டு.

சூரியனுக்குப் பக்கத்தில் பிறைநிலாவை வரைவது அவற்றுள் முதன்மையானது. சூரிய கிரகணம் அமாவாசையன்று மட்டுமே வரும். அன்று சந்திரனின் ஒளிபெறாத பக்கமே நம்மை நோக்கி இருப்பதால் வானில் பிறையே கிடையாது. தெரிவது சூரியனின் பிறை. அது நிலாப்பிறையைப் போலவும் இருப்பதில்லை. நிலாப்பிறையின் இரண்டு கொம்புகளும் வட்டத்தின் சரிபாதியில் எதிரெதிரே நிற்கும். கிரகணப் பிறையில் ஏறக்குறைய ஒரே அளவுள்ள இரு வட்டங்கள் ஒன்றையொன்று வெட்டுவதால் கொம்புகள் பாதியைத் தாண்டி உள்ளே வளைந்து வரும். இதை வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது. ஒரு ஐந்து ராண்ட் நாணயத்தை மஞ்சள் தாளில் வைத்து வட்டம் போட்டு வெட்டச் சொல்லுங்கள். அதே நாணயத்தால் கறுப்புத் தாளிலும் ஒரு வட்டம் வெட்டி, மஞ்சளின்மேல் மெல்ல நகர்த்தச் சொல்லுங்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு இரண்டு நிமிடத்தில் விளங்கிவிடும்.

ஒரே நாணயம் ஏன் என்று சில பிள்ளைகள் கேட்கும், கேட்க வேண்டும். சூரியனின் விட்டம் ஏறக்குறைய 13.9 லட்சம் கிலோமீட்டர், சந்திரனின் விட்டம் 3,474 கிலோமீட்டர். சூரியன் ஏறக்குறைய 400 மடங்கு பெரிது, ஏறக்குறைய 400 மடங்கு தொலைவிலும் இருக்கிறது. அதனால்தான் இரண்டும் நம் கண்ணுக்கு ஒரே அளவில் தெரிகின்றன. சந்திரன் சற்று விலகியிருக்கும் நாட்களில் அதன் வட்டம் சிறுத்து, சூரியனை முழுவதும் மூடாமல் ஒரு நெருப்பு வளையத்தை மிச்சம் விடும். அதுவே கங்கண கிரகணம். 2016 செப்டம்பர் 1 அன்று ரெயூனியன் தீவின் தென்பகுதியில் தெரிந்தது இந்த வகைதான். அங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் அதை இன்னும் நினைவில் வைத்திருப்பவர்கள் இருப்பார்கள். கங்கண கிரகணத்தையும் முழுக் கிரகணத்தையும் குழப்பிக்கொண்டு வரைவது மிகப் பரவலான தவறு. கங்கணத்தில் வானம் இருண்டுவிடாது, நட்சத்திரம் தெரியாது, கரோனா என்னும் ஒளிமகுடமும் தெரியாது. சூரிய வட்டின் ஒளி கரோனாவின் ஒளியைவிட ஏறக்குறைய பத்து லட்சம் மடங்கு மிகுதி. வட்டின் ஒரு கீற்று மிஞ்சினாலும் கரோனா அதில் கரைந்துவிடும்.

கறுப்பு வட்டத்துக்கு உள்ளே நட்சத்திரம் வரைவது இன்னொன்று. அங்கே இருப்பது கல்லும் மண்ணுமான ஒரு கோளம்; அதை ஊடுருவி நட்சத்திரம் தெரியாது. இதைச் சொன்னால் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்வார்கள்.

திசையைப் பற்றிய தவறு நம் ஊருக்கே உரியது. நாம் பார்த்துப் பழகும் படங்களும் பாடங்களும் பெரும்பாலும் வட கோளத்தில் உருவானவை. அங்கே சூரியன் தெற்கு வானில் இடமிருந்து வலமாக நகர்கிறது. டர்பனில் கிழக்கே உதித்து, வடக்கு வானின் வழியாக, வலமிருந்து இடமாக மேற்கே போகிறது. கிரகணத்தில் சூரியனின் மேற்கு விளிம்பைத்தான் சந்திரன் முதலில் தொடும் என்பது எங்கும் பொது. ஆனால் வட கோளத்தில் சூரியன் உச்சிக்கு அருகே இருக்கும்போது வலப்பக்கமாகத் தெரிவது, இங்கே இடப்பக்கமாகத் தெரியும். 2030இல் டர்பனில் காலை நேரம் என்பதால், கிழக்கு நோக்கி நிற்கும் பிள்ளைக்கு ஏறக்குறைய மேல் இடப்பக்கத்தில் முதல் கடி விழும். வெளிநாட்டுப் படத்தைச் சுவரில் ஒட்டி "இதைப் பார்த்து வரை" என்று சொல்லும்போது, நம் தலைக்குமேல் உள்ள வானத்தைப் பிள்ளையிடமிருந்து நாமே பறித்துவிடுகிறோம். இந்தப் பிழைக்காக மதிப்பெண்ணைக் குறைக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு பிள்ளை சரியாக இடப்பக்கத்தில் வரைந்திருக்கையில், புத்தகப் படத்தோடு ஒப்பிட்டு அதைத் தவறென்று சொல்லும் நடுவரைப் பார்த்திருக்கிறேன், அது நடக்கக்கூடாது.

இருளின் நிறம்

எல்லாத் தவறுகளிலும் என்னை மிகவும் வாட்டுவது கறுப்பு வண்ணம். முழுக் கிரகணத்தில் வானம் நள்ளிரவைப் போலக் கறுத்துவிடாது. உச்சியில் ஆழ்ந்த நீலம், ஈயத்தின் சாயல் கலந்தது. கீழே இறங்க இறங்க அது வெளுத்து, அடிவானத்தில் நான்கு திசையிலும் செம்மஞ்சளாக முடிகிறது. நிழலுக்கு வெளியே உள்ள ஊர்களில் இன்னும் வெயில் அடித்துக்கொண்டிருப்பதால், எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தி வெளிச்சம் தெரிகிறது. ஒரே நேரத்தில் எல்லாத் திசையிலும் சூரியன் மறைவது போன்ற இந்தக் காட்சியை வரையச் சொன்னால் நல்ல கற்பனையுள்ள பிள்ளை தாளை நீளவாக்கில் திருப்பிக்கொள்ளும். சுக்கிரன் பளிச்சென்று தெரியலாம். சந்திர வட்டின் விளிம்பில் ஹைட்ரஜன் வாயுவின் இளஞ்சிவப்பு நாக்குகள் தெரியலாம். கரோனாவோ மஞ்சளன்று, முத்தின் வெண்மை. மொத்தத்தில் முழுநிலவின் ஒளியளவே அது இருக்கும்.

இதற்கு மாறாக, வகுப்பில் நடப்பது என்ன? கறுப்புத் தாள் ஒன்று. அதன்மேல் ஒரு வட்ட அட்டை. அட்டையின் விளிம்பைச் சுற்றி வெள்ளைச் சுண்ணக்கட்டி அல்லது ஆயில் பேஸ்டல். விரலால் உள்ளிருந்து வெளியே இழுத்துவிட்டு அட்டையை எடுத்தால், கறுத்த வட்டமும் சுற்றிலும் பனிபோன்ற ஒளியும் நொடியில் வந்துவிடும். அட்டையைத் தூக்கும் கணத்தில் பிள்ளைகளின் முகத்தில் தோன்றும் வியப்பு மெய்யானது. ஆகவே இந்த உத்தியை நான் வெறுக்கவில்லை, கற்றுக்கொடுக்கவும் செய்கிறேன். ஆனால் போட்டிக்கு இதை ஒரே வழியாகக் காட்டிவிட்டால் நாற்பது தாளும் அச்சடித்தவை போல ஆகிவிடும். குறைந்தது, கதிர்கள் எல்லாப் பக்கமும் சமமாக நீளாது என்பதையாவது சொல்லுங்கள். சூரியனின் செயல்பாடு ஏறக்குறைய 11 ஆண்டுக்கு ஒருமுறை ஏறி இறங்குகிறது. உச்சத்தில் இருக்கும்போது கரோனா எல்லாப் பக்கமும் பூப்போல விரியும். தாழ்ந்திருக்கும்போது இரண்டு பக்கமும் சிறகுபோல நீண்டு, துருவங்களில் குட்டையான மயிரிழைகளாகத் தெரியும். 2024ஐ ஒட்டி உச்சம் வந்து போனதால், 2030இல் சிறகு போன்ற வடிவமே எதிர்பார்க்கப்படுகிறது.

வண்ணம் கலப்பதில் ஒரு சிறு குறிப்பு. நீரில் கரைத்த கறுப்பை மற்ற வண்ணங்களோடு சேர்த்தால் படம் சேற்றுநிறமாகிவிடும். கருநீலத்தோடு கொஞ்சம் பழுப்பைச் சேர்த்தால் கறுப்பைவிட ஆழமான, உயிருள்ள இருள் கிடைக்கும். வெள்ளை கிரேயானால் கரோனாவை முதலில் அழுத்தி வரைந்துவிட்டு, மேலே வாட்டர் கலரைப் பூசினால் மெழுகு வண்ணத்தை ஒட்டவிடாது. இருள் எவ்வளவு ஏறினாலும் ஒளி அப்படியே நிற்கும்.

பாம்பும் உலக்கையும்

என் சிறுவயதில் கிரகணம் பிடித்தால் ஆயா எங்களை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துவார். சமைத்ததன்மேல் தர்ப்பையைப் போடுவார். தாம்பாளத் தண்ணீரில் உலக்கையை நிறுத்தி, அது தானாக நிற்கும் நேரமே கிரகணம் பிடித்திருக்கும் நேரம் என்பார். கிரகணம் விட்டதும் தலைமுழுகி, வீட்டைக் கழுவி, அதன் பிறகே அடுப்பு மூட்டுவார். அடிப்பக்கம் தட்டையாக இருந்தால் உலக்கை எந்த நாளிலும் நிற்கும் என்று பின்னாளில் தெரிந்துகொண்டேன். ஆயினும் அந்த இருண்ட அறையும், தண்ணீரில் நடுங்கிய உலக்கையின் நிழலும், ஆயாவின் முணுமுணுப்பும் நான் கண்டவை; அவை ஒரு பிள்ளையின் கிரகணம்.

ஆகவே ராகு சூரியனை விழுங்குவதாக ஒரு பிள்ளை வரைந்தால், "மூடநம்பிக்கை" என்று ஒதுக்குவது தவறு. நிலவைப் பாம்பு விழுங்கும் உவமை சங்கப் பாடல்களிலேயே உண்டு. வானியலிலும் ராகு, கேது என்ற பெயர்களுக்குப் பொருள் இருக்கிறது: சந்திரனின் பாதை சூரியனின் பாதைக்கு ஏறக்குறைய 5 பாகை சாய்ந்திருப்பதால், இரண்டும் வெட்டிக்கொள்ளும் இரு புள்ளிகளின் அருகில் அமாவாசை நேரும்போதே சூரிய கிரகணம் வருகிறது, அந்தப் புள்ளிகளுக்குத்தான் நம் கணிதர்கள் அந்தப் பெயர்களைச் சூட்டினார்கள். பாம்பு வரைந்த பிள்ளையிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், அடுத்த படத்தில் பாம்பும் இருக்கும், பாதையும் இருக்கும். அதே சமயம், கிரகணத்தைப் பார்த்தால் தோஷம் என்று பிள்ளைகளை அச்சுறுத்தி உள்ளே பூட்டிவைத்துவிட்டு, மாலையில் "கிரகணத்தை வரை" என்று தாளை நீட்டுவதும் சரியன்று. கதையை விரும்பும் பிள்ளைக்கு ஒரு பிரிவும், கண்டதை வரையும் பிள்ளைக்கு ஒரு பிரிவும் வைத்தால் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளாது.

நாள், நேரம், தாள்

கிரகணம் நடந்துகொண்டிருக்கும்போதே வரையச் சொல்வது வீணான அவசரம். அந்த நேரத்தில் பிள்ளை பார்க்க வேண்டும். குனிந்து தாளைப் பார்க்கக்கூடாது. மேலும் கிரகணம் விடும்வரை உண்ணாத வீடுகள் இங்கே இன்னும் இருக்கின்றன. நடுவில் கேக்கும் ஜூஸும் கொடுத்தால் சில பிள்ளைகள் சங்கடப்பட்டு ஒதுங்குவார்கள். நவம்பர் பள்ளிகளில் ஆண்டிறுதித் தேர்வுக் காலமும் ஆகும். ஆதலால் அடுத்த சனிக்கிழமையன்று வரைய வைப்பதே நல்லது. இடையில் இருக்கும் நாட்களில் நினைவு கலைந்துவிடாமல் இருக்க, கிரகணம் முடிந்த உடனே ஒரு சிறு தாளில் நிறங்களின் பெயரையும், கேட்ட ஒலிகளையும், யார் என்ன சொன்னார்கள் என்பதையும் குறித்துவைக்கச் சொல்லலாம். மாலையில் கூட்டுக்குத் திரும்பும்போது கத்தும் ஹடீடாப் பறவைகள் காலையிலேயே கத்தினவா என்று எழுதிவைத்த பிள்ளைக்கு வரைய விஷயம் இருக்கும்.

டர்பனில் நவம்பர் மழைக்காலம். மேகம் மூடிவிட்டால் போட்டியை ரத்து செய்வது பெரிய தவறு. மேகத்துக்குக் கீழேயும் கருநிழல் வரும். கடல் திடீரென்று இருளும், சில நிமிடத்தில் மீண்டும் வெளுக்கும். அதையும் வரையலாம்.

ஏ3 அளவுத் தாள் போதும். ஆறு வயதுக்குக் கீழே ஏ4 நல்லது, பெரிய தாளை நிரப்ப முடியாமல் களைத்துவிடுவார்கள். பேஸ்டல் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஒருவர் வரைந்த வானம் அடுத்தவர் படத்தில் ஒட்டிக்கொள்ளும். இடையிடையே பட்டர் பேப்பர் வையுங்கள். பெயரும் வயதும் தாளின் பின்பக்கத்தில் மட்டும் இருக்கட்டும்.

நடுவர் மேசையில்

ஐந்து வயதையும் பன்னிரண்டு வயதையும் ஒரே பிரிவில் வைத்தால் ஐந்து வயதுக்கு நீதி கிடைக்காது. பெற்றோரின் கை பட்ட படத்தை அடையாளம் காண்பது எளிது: விளிம்புகள் மிகச் சுத்தமாக இருக்கும், பிள்ளை செய்யும் துணிச்சலான தவறு ஒன்றுகூட இருக்காது. மண்டபத்திலேயே வரைய வைத்து, பெற்றோரைத் தேநீர் குடிக்க வெளியே அனுப்பிவிட்டால் இந்தச் சந்தேகமே எழாது.

இங்கே பிறந்து வளரும் நம் பிள்ளைகளுள் மிகப் பலர் வீட்டில் ஆங்கிலமே பேசுகிறார்கள். படத்தின் கீழே தமிழில் ஒரு வரி எழுதச் சொல்வது நல்ல வழக்கம். ஆனால் "கிரகனம்" என்று எழுதியதற்காக மதிப்பெண்ணைக் குறைத்த நடுவரால், அடுத்த ஆண்டு அந்தப் பிள்ளை ஆங்கிலத்திலேயே எழுதியதைக் கண்டிருக்கிறேன். கிரகணம், பிறை, நிழல், அமாவாசை, அந்தி என்ற ஐந்து சொற்களை முந்தைய வகுப்புகளில் கரும்பலகையில் எழுதிப் பழக்குங்கள். எழுத்துப் பிழையை ஓவியப் போட்டியில் எண்ணாதீர்கள்.

பரிசு அறிவிக்கும்போது ஒவ்வொரு படத்தையும் உயர்த்திக் காட்டி, அதில் பிள்ளை எதைப் பார்த்திருக்கிறது என்று ஒரு வாக்கியமாவது சொல்ல வேண்டும். பெயரோடும் பள்ளியோடும் பிள்ளையின் முகத்தைப் பொதுவெளியில் போடாமல், படத்தை மட்டும் போடலாம். கண்காட்சியில் படங்களைப் பெரியவர்களின் கண்ணுயரத்தில் மாட்டாமல் பிள்ளைகளின் கண்ணுயரத்தில் மாட்டுங்கள். தாம் வரைந்ததை அண்ணாந்து பார்க்கும் நிலை அவர்களுக்கு வேண்டாம். கண்காட்சி முடிந்தபின் படங்களை மூட்டையாகக் கட்டி அலமாரியில் போட்டுவிடாமல், ஒவ்வொன்றையும் வரைந்த பிள்ளையின் கையிலேயே திருப்பிக் கொடுங்கள். துணிக்கொடி வரைந்த அந்தச் சிறுமி விழா முடிந்து மூன்று வாரம் கழித்துத் தன் படத்தைக் கேட்டு வந்தாள். அது எங்கே போயிற்று என்று எங்களில் எவராலும் சொல்ல முடியவில்லை.